பொட்டு வைத்த பாட்டில்கள்

ஈப்போவில் கண்ணாடி கழுவத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். காப்பிக்கடையில் கிளாஸ் அலசுகிறவன் ஒரு வாளித் தண்ணீரில் நாற்பது கிளாஸை முக்கியெடுத்துக் கவிழ்த்துவிடுவான். வீரம்மா அப்படிக் கழுவினால் டாக்டர் பூபாலசிங்கத்தின் ஆராய்ச்சி அன்றைக்கே படுத்துவிடும். அவள் ஒரு பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் ஏழு தடவை, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை கழுவ வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தப்பினால், கொடுத்தவனை ஒரு முறை முறைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கண்ணுக்குத் தெரியாத சோப்புத் துளி ஒட்டியிருந்தால்கூட உள்ளே வளர்கிற உயிர் செத்துப்போகும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டர் சொல்லியிருந்தார். உயிர் என்று அவர் சொன்னது மனித உடம்பிலிருந்து எடுத்த செல்களை.

வீரம்மா சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரி. பதினான்கு வருஷம் பால் மரம் வெட்டியவள். எழுபத்து நான்கில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அவள் புருஷன் ராமையாவுக்கு ஈப்போ நகராட்சியில் குப்பை லாரி ஓட்டுகிற வேலை கிடைத்தது. குனோங் ராபாட்டில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடி வந்தார்கள். மூன்று வருஷம் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மூன்று அறை ஆராய்ச்சிக்கூடத்தில் பாட்டில் கழுவ ஆள் கேட்டார்கள். போனாள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்ததற்கு அது பெரிய உத்தியோகம்தான். எண் தெரியும், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியும், வாயை மூடிக்கொண்டு வேலை செய்யத் தெரியும். கடைசியாகச் சொன்னது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். கதையே அதைப் பற்றியதுதான்.

அந்தக் கூடத்தில் என்ன நடக்கிறது என்பதை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னவள் தவமணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த பெண், பரிசோதனை வேலையெல்லாம் அவள் கையில்.

"புற்றுநோய்க்கு நாலைஞ்சு மருந்து இருக்கு அக்கா. ஒருத்தருக்குக் கேட்கிற மருந்து இன்னொருத்தருக்குக் கேட்காது. எது கேட்கும் எண்டு ஆளுக்கே ஏத்திப் பார்த்தா, பிழையான மருந்து ஆளை முடிச்சிடும். அதனால ஆளின்ர செல்லைக் கொஞ்சம் எடுத்து, பாட்டிலுக்குள்ள வச்சு வளர்த்து, அதுக்கு மருந்தைப் போட்டுப் பார்க்கிறம்."

"புது விஷம் வந்தா தோட்டத்துல முதல்ல ஒரு மூலைல புல்லுக்கு அடிச்சுப் பாப்பாங்களே, அது மாதிரியா?"

"அதேதான்!" என்று தவமணி சிரித்தாள். டாக்டரிடமும் போய்ச் சொன்னாள். டாக்டர் அதன்பிறகு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அந்த உதாரணத்தையே சொல்ல ஆரம்பித்தார்.

ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு சப்பட்டைப் பாட்டில். மூன்றில் மூன்று மருந்து. நான்காவதில் மருந்தே கிடையாது. அதற்கு வீரம்மா வைத்த பெயர் சும்மா பாட்டில். சும்மா பாட்டிலில் செல்கள் பெருகி, மருந்துப் பாட்டிலில் சாக வேண்டும். அப்போதுதான் அந்த மருந்து கேட்கிறது என்று அர்த்தம். பாட்டில்களின் மேல் தவமணி நீல மெழுகுப் பென்சிலால் எண் போடுவாள். மருந்துகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று. சும்மா பாட்டிலுக்குப் பூஜ்யம். பிறகு நான்கும் ஒரு தட்டில் ஏறி, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிக்குள் பத்து நாள் இருக்கும்.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. ஐந்து வருஷத்தில் ஒரு நோயாளிக்குக்கூட இது பயன்பட்டதில்லை. பாதிப் பேரின் செல் வளரவில்லை. வளர்ந்த செல்லுக்கு விடை கிடைப்பதற்குள் மீதிப் பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் புரட்டாசியில் காளியம்மா வந்தாள்.

காளியம்மா ராமையாவின் அக்கா. வீரம்மாவுக்கு நாத்தனார். தோட்டத்தை வாங்கியவர்களிடமே வேலை பார்த்துக்கொண்டு, இன்னும் சிலிம் ரிவர் பக்கத்திலேயே, கூலிகளின் லயத்து வீட்டிலேயே இருந்தாள். வயிறு உப்பிக்கொண்டு வந்ததை முதலில் வாயு என்றார்கள், பிறகு சீன வைத்தியரிடம் வேர்த்தண்ணீர் வாங்கிக் குடித்தாள், பிறகு கோயிலில் மந்திரித்தார்கள். எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி மாதிரி வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, சூலகத்தில் புற்று, வயிறு முழுக்க நீர். நான்கு லிட்டர் இறக்கினார்கள். டாக்டர் பூபாலசிங்கம் கட்டிலருகே போய், அந்த நீரில் கொஞ்சம் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"கீழ ஊத்தப் போறதுதானே ஐயா? எடுத்துக்கிட்டுப் போங்க. வேணும்னா சட்டியையும் எடுத்துக்கிட்டுப் போங்க லா," என்றாள் காளியம்மா. நோயிலும் வாய் குறையவில்லை.

அந்த நீரில் இருந்த செல்கள் நன்றாக வளரும் ரகம் என்று இரண்டாம் நாளே தவமணி சொல்லிவிட்டாள். கூடமே சுறுசுறுப்பானது. வீரம்மா மட்டும் பாட்டில் கழுவும் தொட்டிக்கு முன்னால் கல்லாக நின்றாள். உள்ளே இருக்கிறது அவளுடைய நாத்தனார். வேறு யாராக இருந்தாலும் இந்தப் பாடு இருந்திருக்காது.

இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போனால் நான் கதை சொல்கிறவனே இல்லை.

அறுபத்து மூன்றில் வீரம்மா புது மருமகள். நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். காளியம்மாவின் பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல். 'இன்னைக்கு ஒரு நாள் என் நிரைய நீ வெட்டிடு புள்ள, நான் பின்னால உனக்கு வெட்டித் தாறேன்' என்று காளியம்மா கேட்டாள். நிரை என்றால் ஒருவருக்கு ஒதுக்கிய மர வரிசை; வீரம்மா இரண்டு பேர் நிரையையும் வெட்டினாள். அவசரம், மசக்கை, மழை வருகிற மாதிரி வானம். காளியம்மாவின் நிரையில் ஏழு மரங்களுக்குக் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. பட்டையைத் தாண்டிக் கட்டையில் காயம். அப்படிக் காயம் பட்ட மரம் முடிச்சு முடிச்சாக வீங்கி, பால் கொடுக்காமல் போகும். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், கங்காணி சன்னாசி எல்லார் முன்னாலும் கத்தினான். யார் நிரை? காளியம்மா நிரை. காளியம்மா ஒரே ஒரு தடவை வீரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வீரம்மா தரையைப் பார்த்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. காளியம்மாவும் வாயைத் திறக்கவில்லை. தம்பி பெண்டாட்டி, வயிற்றில் பிள்ளை, புதுசு. மறுநாளிலிருந்து காளியம்மாவைப் பால்வெட்டிலிருந்து எடுத்து, புல்லுக்கு விஷம் அடிக்கும் கும்பலில் போட்டார்கள். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் விஷம் அடித்தாள். இரண்டு பேரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள், ஒரே சாவுக்கு அழுதார்கள். அந்த ஏழு மரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

வயிற்றில் புற்று என்று கேட்டதும் வீரம்மாவின் மனம் நேராக அந்த விஷ டின்னுக்குத்தான் போனது. டாக்டரிடம் கேட்டும்விட்டாள், புல் விஷத்தால் இது வருமா என்று. "அப்பிடிச் சொல்ல ஏலாது வீரம்மா. ஒருத்தருக்கும் தெரியாது," என்றார் அவர். தெரியாது என்ற பதில் அவளுக்குப் போதவில்லை.

காளியம்மாவின் பாட்டில்கள் பெட்டிக்குள் போன ஏழாம் நாள் ஆயுத பூசை. தோட்டத்தில் கத்திக்கும் வாளிக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைத்த பழக்கத்தை வீரம்மா இங்கேயும் விடவில்லை. வருஷா வருஷம் மைக்ரோஸ்கோப்பின் கழுத்திலும், பாட்டில் அவிக்கும் பெரிய சட்டியின் மூடியிலும், தண்ணீர் வடிக்கும் இயந்திரத்திலும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். டாக்டர் சிரித்துக்கொண்டே அவல் பொரி வாங்கிச் சாப்பிடுவார். ஒரே ஒரு கட்டளைதான்: சூட்டுப் பெட்டியைத் திறக்கக்கூடாது, உள்ளே இருப்பதைத் தொடக்கூடாது.

அன்றைக்கு டாக்டர் கோலாலம்பூருக்குப் போயிருந்தார். தவமணி வீட்டுப் பூசையை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். வீரம்மா தனியாக எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்தாள். சூட்டுப் பெட்டி முன்னால் வந்ததும் கால் நகரவில்லை. இத்தனை வருஷம் இரும்புக்கும் கண்ணாடிக்கும் பொட்டு வைத்தாயிற்று; எங்கள் வீட்டு உயிர் உள்ளே கிடக்கிறது, அதற்கு மட்டும் கிடையாதா? ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்.

பெட்டியைத் திறந்தாள். காளியம்மாவின் தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நான்கு பாட்டில்களுக்கும், எண்ணின் மேலேயே, நெற்றியில் வைப்பது போலச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். கண்ணை மூடி, 'தாயே, அவள விட்டுரு' என்று கும்பிட்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் தவமணியின் மோட்டார் சைக்கிள் சத்தம்.

வீரம்மா மேசையைத் துழாவினாள். மேசையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு இருந்தது. எடுத்து ஒரு பாட்டிலைத் துடைத்தாள், பக்கத்தில் இருந்த இன்னொன்றைத் துடைத்தாள். பஞ்சைத் திருப்பினாள். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் நீலம்.

ஐயோ! ஸ்பிரிட் பட்டால் மெழுகு கரையும் என்பது பாட்டில் கழுவுகிற அவளுக்குத் தெரியாதா? தினமும் பழைய எண்ணை அவள்தானே அழிக்கிறாள்! இரண்டு பாட்டில்கள் எண்ணே இல்லாமல் மொட்டையாக நின்றன. மற்ற இரண்டிலும் பூஜ்யமும் மூன்றும் அப்படியே இருந்தன. ஆக, அழிந்தது ஒன்றும் இரண்டும். எது ஒன்று, எது இரண்டு? முதலில் துடைத்தது ஒன்றுதான். எவரும் ஒன்றிலிருந்துதானே ஆரம்பிப்பார்கள்? மெழுகுப் பென்சிலை எடுத்தாள், எழுதினாள், மிச்சப் பொட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், தட்டை உள்ளே வைத்துப் பெட்டியைச் சாத்தினாள். தவமணி உள்ளே வந்தபோது வீரம்மா கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன அக்கா, பூசை முடிஞ்சுதா? பொரி எங்க?"

வீரம்மா பொரியைக் கொடுத்தாள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் சந்தேகம் பிடித்தது. பொட்டு வைக்கும்போது தான் வலது கோடியிலிருந்தல்லவா ஆரம்பித்தோம்? அப்படியானால் துடைக்கும்போதும் வலது பக்கத்துப் பாட்டில்தான் முதலில் கைக்கு வந்திருக்கும். அது ஒன்றா, இரண்டா? கண்ணை மூடி அந்த மேசையைப் பார்த்தாள். ஒரு தடவை ஒன்று இடது பக்கம் தெரிந்தது. இன்னொரு தடவை வலது பக்கம் தெரிந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய், திரும்பி நடந்து வந்தாள்.

மூன்று நாள் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ராமையா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். தனக்குத்தானே ஒரு சமாதானமும் வைத்திருந்தாள். ஐந்து வருஷமாக இந்தப் பரிசோதனை யாருக்கும் பலித்ததில்லை, இதுவும் பலிக்காது, பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டால் முடிந்தது.

புதன்கிழமை மத்தியானம் மைக்ரோஸ்கோப் அறையிலிருந்து டாக்டர் பூபாலசிங்கம் கத்திய கத்தலில், தொட்டியில் அலசிக்கொண்டிருந்த பாட்டில் வீரம்மாவின் கையிலிருந்து நழுவியது.

"தவமணி! வந்து பாரும்! சும்மா பாட்டில்ல தொண்ணூத்தாறு செல் கூட்டம் வளர்ந்திருக்கு. ரெண்டுல எண்பத்தெட்டு, மூண்டுல எழுபது. ஒண்டுல பாரும், நாலே நாலு! ஒண்டு கேட்குது!"

அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. வெளியே ஓடிவந்து, "வீரம்மா, உம்மட மச்சாளுக்கு மருந்து கிடைச்சிட்டுது," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒன்றாம் எண் மருந்து கடுமையானது, சிறுநீரகத்தையே பதம் பார்க்கும், சும்மா ஒருத்தருக்கு ஏற்ற முடியாது, ஆனால் கேட்கும் என்று தெரிந்தால் துணிந்து ஏற்றலாம் என்று விளக்கினார். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஏற்றப் போகிறார்கள்.

வீரம்மா எழுதிய ஒன்று உண்மையில் இரண்டாக இருந்தால்? அந்த நெருப்பு மருந்து காளியம்மாவின் உடம்பை உலுக்கிப் போடும், புற்றை ஒன்றும் செய்யாது. கேட்கக்கூடிய மருந்து அலமாரியில் கிடக்கும். பிறகு அதை ஏற்ற உடம்பில் தெம்பு இருக்காது.

சொன்னால்? வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. இந்த மனுஷனின் ஐந்து வருஷம் போகும். முகத்தில் எப்படி விழிப்பது? வியாழன் முழுக்க மூன்று தடவை டாக்டரின் அறைக் கதவு வரைக்கும் போனாள். மூன்று தடவையும் திரும்பி வந்து, கழுவிய பாட்டிலையே மறுபடி கழுவினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்கு வந்தவள் பையைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள், குழாயைத் திறந்தாள். ஏழு தடவை எண்ண வேண்டும். ஒன்று என்று எண்ணியதோடு நின்றுபோயிற்று. குழாயைக்கூட மூடாமல், ஈரக் கையோடு, பின்கட்டு வழியாக வார்டுக்கு ஓடினாள்.

வார்டில் இரண்டு பக்கமும் கட்டில்கள் வரிசையாக இருந்தன. எல்லாக் கட்டிலிலிருந்தும் கண்கள். காளியம்மாவின் தலைமாட்டில் நர்ஸ் மருந்துப் பாட்டிலைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் குழாயைக் கையில் பிடித்திருந்தார். பின்னால் தவமணி.

"போடாதீங்க ஐயா!"

டாக்டர் திரும்பினார். "என்ன வீரம்மா, உமக்கென்ன விசரா? ஏன் குறுக்க நிக்கிறீர்?"

"போடாதீங்க. ஒண்ணுங்கிறது நான் எழுதுனது. தவமணி அம்மா எழுதுனது இல்ல. பூசையன்னைக்குப் பொட்டியத் தொறந்து பொட்டு வச்சேன். தொடச்சப்ப ஒண்ணும் ரெண்டும் அழிஞ்சிருச்சு. நானா திரும்ப எழுதுனேன். சரியா எழுதுனனா, மாத்தி எழுதுனனா, சத்தியமா எனக்குத் தெரியல."

தவமணியின் கை வாயைப் பொத்திக்கொண்டது. டாக்டர் குழாயைக் கட்டிலின் மேல் வைத்தார். வீரம்மா அவரைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தாள். இருபது வருஷத்துக்கு முன் பெரட்டில் திரும்பிப் பார்த்த அதே கண்.

"அன்னைக்கும் நான்தான்க்கா," என்றாள். "அந்த ஏழு மரமும் நான்தான். கங்காணி கேட்டப்ப வாயத் தொறக்கல. நான்தான் வெட்டுனேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. உன்னக் கொண்டுபோயி வெஷம் அடிக்கப் போட்டாங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

மரம், கங்காணி, விஷம் என்று இவள் என்ன உளறுகிறாள் என்று டாக்டருக்கும் நர்ஸுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியவள் ஒருத்திதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

டாக்டர் நர்ஸிடம் பாட்டிலைக் கழற்றச் சொன்னார். வராந்தாவுக்கு வந்ததும் வெடித்தார். "ஆறு நாள்! ஆறு நாள் வாய மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்! அண்டைக்கே சொல்லியிருந்தா அண்டைக்கே புதுசாத் தொடங்கியிருப்பன். பூசையாம், பொட்டாம்!" வீரம்மா தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தைகூட அவர் சொன்னதில் தப்பில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "சூட்டுப் பெட்டி அறைக்குள்ள இனி நீர் கால் வைக்கப்படாது. போய்ப் பாட்டிலைக் கழுவும். நாளைக்குப் பன்னிரண்டு பாட்டில் வேணும்," என்றார். ஒரு பாட்டிலுக்கு மூன்று என்று இந்தத் தடவை எல்லாவற்றையும் மும்மடங்காகச் செய்யப் போகிறார். அவ்வளவு சுத்தமாகக் கழுவ வேறு ஆளும் அவருக்கு இல்லை.

வயிற்றில் நீர் மறுபடி கோத்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை இறக்கினார்கள். அதிலிருந்து செல் எடுத்து, பன்னிரண்டு பாட்டிலும் பெட்டிக்குள் போயின. தவமணி இப்போது எண்ணை மெழுகால் எழுதி, அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டி, பிளாஸ்டரின் மேலும் பேனாவால் எழுதினாள். பெட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள். வீரம்மாவிடம் பேசவில்லை.

அந்தப் பத்து நாள் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். மூன்றாம் நாள் காளியம்மாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. ஐந்தாம் நாள் கால் வீங்கியது. ஆறாம் நாள் இன்னொரு தடவை நீர் இறக்கினார்கள். இறக்க இறக்க ஆள் கரைந்தாள். ஏழாம் நாள் டாக்டரே தடுமாறினார். வராந்தாவில் நின்று தவமணியிடம், காத்திருக்காமல் ஒன்றையே ஏற்றிவிடலாமா என்று கேட்டது வீரம்மாவின் காதில் விழுந்தது. "பிழையெண்டா ஆள் தாங்காது டாக்டர்," என்றாள் தவமணி. டாக்டர் காத்திருந்தார்.

ராமையாவுக்கு விஷயம் தெரிந்தது. வீட்டில் அவன் தட்டைத் தூக்கி எறியவில்லை, கை நீட்டவில்லை. "என் அக்காடி," என்று மட்டும் சொன்னான். அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தினமும் வேலை விட்டதும் வீரம்மா வார்டுக்குப் போனாள். உடம்பு துடைத்துவிட்டாள், தலை வாரிவிட்டாள். காளியம்மா தண்ணீர் வேண்டும் என்றாள், தலையணையைத் தூக்கு என்றாள். மரத்தைப் பற்றியும் பாட்டிலைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. கோபமா, நோயின் அயர்ச்சியா என்று வீரம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

பத்தாம் நாள் காலை மைக்ரோஸ்கோப் அறைக் கதவு சாத்திக் கிடந்தது. வீரம்மா தொட்டிக்கு முன்னால் நின்றாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையாவது தடவை என்று தெரியாமல் ஒரே பாட்டிலை அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு பாட்டிலை எண்ண எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டுக்கு இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரமும் தாண்டியது. கதவு திறந்தது. டாக்டர் இந்தத் தடவை கத்தவில்லை. நடந்து வந்து தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"ஒண்டுதான் கேட்குது. மூண்டு பாட்டில்லயும் அதே கணக்குத்தான். நீர் எழுதினது சரி வீரம்மா. மாறேல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த பாட்டிலைத் தொட்டியில் வைத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமையே மருந்து ஏறியிருக்கும். கால் வீங்கியிருக்காது. ஆள் இப்படிக் கரைந்திருக்க மாட்டாள். சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாமல் கெடுத்தாள். இப்போது சொல்லிக் கெடுத்தாள். என்ன பிறவி இது!

"அந்தப் பத்து நாளால என்ன ஆகும் ஐயா?"

"தெரியாது," என்றார் டாக்டர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பிறகு, "நீர் சொல்லாம விட்டு, நான் ஏத்தி, அது பிழையாப் போயிருந்தா, அதை நான் எந்தக் காலத்திலயும் அறிஞ்சிருக்க மாட்டன்," என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார்.

காளியம்மா எத்தனை நாள் இருந்தாள் என்று கேட்பீர்கள். கடைசியில் வைத்துச் சொல்லி உங்களை அழவைக்க எனக்கு விருப்பமில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருந்து கேட்டது. வயிறு வற்றியது. அடுத்த வருஷத் தீபாவளிக்கு அவளே முறுக்குப் பிழிந்தாள். அதற்கடுத்த தைப்பூசத்துக்கு ஈப்போ கோயிலில் வெயிலில் நின்று, பால்குடம் எடுத்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அந்த வருஷம் சித்திரையில் போனாள். பத்து நாள் முன்னால் ஏறியிருந்தால் இன்னும் எவ்வளவு இருந்திருப்பாள் என்பது யாருக்கும் தெரியாது.

நான் சொல்ல வந்தது அந்தப் பத்தாம் நாள் பகலில் நடந்ததை.

வீரம்மா வார்டுக்கு வந்தபோது நர்ஸ் மறுபடி அதே கம்பியில் பாட்டிலை மாட்டியிருந்தாள். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. காளியம்மா முழித்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வீரம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார மனம் வரவில்லை.

"அக்கா, நான் எழுதுனது சரியாத்தான் இருந்திருக்கு. ஒண்ணு ஒண்ணுதானாம். நான் அன்னைக்கு ஓடியாந்து கத்தாம இருந்திருந்தா, பத்து நாளைக்கு முந்தியே ஏத்தியிருப்பாங்க. பத்து நாள நான் தின்னுட்டேன்க்கா."

காளியம்மா முகத்தை அவள் பக்கம் திருப்பினாள். பேச மூச்சுச் சேர்க்க வேண்டியிருந்தது.

"ஏழு மரம் இல்லடி, எட்டு. ஒண்ணு காட்டோரமா இருந்துச்சு. அத நான் மண்ணப் பூசி மறைச்சேன்."

வீரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பெரட்டுல சொல்லலன்னா போவுது, வயித்துப் புள்ளக்காரி, பயந்திருப்பா. வீட்டுக்கு வந்தாவது சொல்லுவான்னு பாத்தேன். அந்த வருசம் பாத்தேன். புள்ள பொறந்த பின்னால பாத்தேன். ஈப்போக்குப் போவையில சாமானெல்லாம் லாரில ஏத்துனமே, அப்பக்கூட, இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு லாரி பின்னாலயே நின்னேன். இருவது வருசம் காத்திருந்தேன்டி, நீ வாயத் தொறப்பேன்னு. இந்தப் பத்து நாளு எனக்கு ஒரு நாளா?"

வீரம்மா அழுதாள். சத்தம் போட்டு, பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் எழுந்து பார்க்கும்படி அழுதாள். காளியம்மா அவளை அழ விட்டாள். மருந்துப் பாட்டில் பாதிக்கு இறங்கியபோது, விரலால் கட்டிலுக்கு அடியில் காட்டினாள்.

"அழுதது போதும். சட்டிய எடு. கொமட்டிக்கிட்டு வருது."

வீரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். சாயங்காலம் வரை ஒவ்வொரு தடவையும் அதைத் தானே கழுவிக்கொண்டு வந்தாள்.